மேலாள் அவர்கள் மேடைக்கு வரவும்

முடி வெட்டுகிறவன் கையில் தலையைக் கொடுத்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். பாய்லர் பட்டறையின் வாசலுக்கு எதிரே நான் சலூன் வைத்திருந்த காலம் முழுக்க, அந்தப் பட்டறையில் யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் அவரவர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு வந்துவிடும். என் நாற்காலியில் உட்கார்ந்து வாயே திறக்காத தலை ஒன்றே ஒன்றுதான். அந்தத் தலைக்குச் சொந்தக்காரனைப் பட்டறையில் மேலாளு என்பார்கள்.

மேலே இருக்கிற ஆள், மேலாளு. பட்டறைக் கூரைக்கு அடியில் இரண்டு சுவரோரமும் தண்டவாளம் போட்டு, அதன் மேல் ஓடுகிற கிரேனை ஓட்டியவன். அந்தக் கிரேனில் ஒரு தகரக் கூண்டு தொங்கும். காலையில் ஏணியேறி அதற்குள் நுழைந்தால் சாயங்காலம்தான் அவன் கால் தரையில் படும். மதியச் சாப்பாட்டை அவன் மனைவி கொண்டுவந்து கீழே நிற்பாள். மேலிருந்து கயிறு இறங்கும், தூக்குவாளியை மாட்டிவிட்டுப் போவாள். கீழே வேலை பார்த்தவர்களுக்கு அவன் ஒரு முழங்கை, அல்லது ஒரு செருப்பின் அடிப்பாகம், அவ்வளவுதான். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு இறங்கி வந்து, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்விடுவான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள்.

வேலையில் மட்டும் சூரன். ஒரு லாரி கனத்துக்கு இருக்கிற பாய்லர் மூடியை அவன் இறக்கி வைத்தால், அடியில் முட்டையை வைத்தாலும் உடையாது என்பார்கள். அப்படிப் பந்தயம் கட்டி ஜெயித்தவர்களுக்கு நானே முடி வெட்டியிருக்கிறேன்.

கீழே நின்று அவனுக்குச் சைகை காட்டியவன் மைக்கு. பட்டறைச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ஏற்று. உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி ஆட்டினால் இறக்கு. கையை அகல விரித்தால் நிறுத்து. நாள் முழுக்க ஊமையாக நிற்கிற வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்ளத்தானோ என்னவோ, எந்த விழா நடந்தாலும் அவன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான், பட்டப்பெயரும் அதனால்தான். அதிலும் சுத்தத் தமிழில்தான் பேசுவான். அந்தச் சுத்தத் தமிழ்தான் மேலாளின் தலையில் மண்ணைப் போட்டது.

மேலாளு ஓய்வு பெற்ற அன்று பட்டறையின் சாப்பாட்டுக் கூடத்தில் மேடை போட்டார்கள். பெரிய பூங்கொத்து ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். மைக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்போது நம் அன்பிற்குரிய மேலாள் அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்!" என்றான். மேலாளு என்று கொச்சையாகச் சொல்லக்கூடாதாம். மேலாள் அவர்கள்! வேகமாகச் சொன்னால் அது காதில் என்னவென்று விழும்? அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த மேலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து மேடைக்குப் போனார்.

பூங்கொத்தை வைத்திருந்தவர் கை தானாக நீண்டது. மேலாளர் வாங்கிக்கொண்டார். "வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள என் மேல இவ்வளவு பாசமா!" என்று கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு உற்பத்தியைப் பற்றியும் ஒழுங்கைப் பற்றியும் பேச ஆரம்பித்தவர், கூட்டத்தில் பாதிப்பேர் கொட்டாவி விட்ட பிறகும் நிறுத்தவில்லை. மேலாளர் கையிலிருந்து பூங்கொத்தைப் பிடுங்க யாருக்குத் துணிச்சல் வரும்? மைக்கு நின்ற இடத்திலேயே வேர்த்து வழிந்தான்.

மேலாளு கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் அவனிடமே, "ஆமா, ரிட்டையர் ஆகறவர் எங்கப்பா?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே நடந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேடையையே புரட்டிப் போட்டிருப்பேன். ஆனால் தொழில் தர்மம் ஒன்று இருக்கிறதே, முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என் வாடிக்கையாளர்கள்.

அதற்கடுத்த தடவை அவன் முடி வெட்ட வந்தபோதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தான். "அத்தனை வருஷம் வேலை பாத்தேன். ஒருத்தருக்கும் என் முகம் தெரியல. நான்தான்னு ஒருத்தராவது ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா போதும்" என்றான். அதைச் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். கிணற்றில் போட்ட கல் மாதிரி அந்தப் பேச்சு எனக்குள் கிடந்தது.

கொஞ்ச காலத்தில் எனக்கும் கை நடுங்க ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடியில் தங்கள் அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். மரியாதை கெடுவதற்கு முன்னால் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பத்திரிகை படிக்கலாம் என்று நூலகத்துக்குப் போனேன். அங்கே பின்னறையில் சனிக்கிழமை தோறும் ஊசியக்கா துணியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஊரில் பாதிப்பேருக்கு ஊசி குத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊசியை விடவில்லை, குத்துகிற இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். பக்கத்தில் மைக்கு பலகைகளில் எழுத்து வரைந்துகொண்டிருப்பான். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த என்னை அக்கா விடவில்லை. "சும்மா நின்னு வாயைப் பிளக்கறதுக்கு, இந்தப் பழைய பேப்பரையாவது கிழி. ஊறவெச்சு பொம்மை பண்ணலாம்" என்றார். நடுங்குகிற கைக்குக் காகிதம் கிழிப்பதைவிடத் தோதான வேலை உண்டா? பிரமாதமாகக் கிழித்தேன்.

அப்போதுதான் மேலாளின் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். "அண்ணே, இவர எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. நாள் பூரா மொட்டை மாடியில நின்னு தெருவையே பாக்கறாரு. கீழ வந்தா தரையப் பாக்கறாரு. நான் ஒருத்தி எதிர்ல நிக்கறது கண்ணுல படறதே இல்ல" என்றாள்.  அந்தச் சனிக்கிழமையே அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

அவனைக் கண்டதும் மைக்கு எழுந்துவிட்டான். "அன்னைக்கு நடந்தது..." என்று ஆரம்பித்தவனுக்கு மேலாளு கையை அகல விரித்துக் காட்டினான். நிறுத்து. மைக்கும் பழக்கதோஷத்தில் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர்களுக்குள் பேச்சே வரவில்லை. ஆனால் மைக்கு அன்று முழுக்க ஒரு எழுத்தும் ஒழுங்காக வரையவில்லை.

"எனக்கென்ன வரும்? கைப்பிடிய முன்னால தள்ளத் தெரியும், பின்னால இழுக்கத் தெரியும்" என்றான் மேலாளு.

"அப்ப பிசையவும் தெரியும். கைய உள்ள விடுங்க தம்பி" என்றார் ஊசியக்கா.

காகிதக் கூழில் கையை விட்டவன் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு விரல்கள் நகர ஆரம்பித்தன. எத்தனையோ வருஷம் இரும்பை அந்தரத்தில் நகர்த்திய விரல்கள், ஆனால் அந்த இரும்பை ஒரு நாளும் தொட்டதில்லை. எல்லாம் கம்பிக்கும் கொக்கிக்கும் அப்பால்தான். இப்போது முதன்முதலாகப் பொருள் கைக்குள் இருந்தது. சாயங்காலம் நூலகர் அறையைப் பூட்ட வந்தபோது அவன் முன்னால் விரல் நீளத்துக்கு ஒரு மனிதன் நின்றிருந்தான். மேலாளு அதைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தான். அவன் பல் எப்படி இருக்கும் என்றே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. பட்டறை முழுவதையும் பொம்மையாகச் செய்யப்போகிறேன் என்றான். வெல்டர், லேத் ஓட்டும் கடைசல்காரர், ஸ்டோர்காரர், காவல்காரர், அவனோடு வேலை பார்த்த அத்தனை பேரும். உடம்பை எங்களோடு உட்கார்ந்து செய்வான். "தலை வேலைய மட்டும் வீட்ல வெச்சுத்தான் பண்ணுவேன்" என்பான். ஊசியக்காவிடம் மிச்ச நூல், நார், கம்பளி இழை என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவான். வீட்டில் பொம்மைகளைத் தரையில் வைத்து, உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து குனிந்து செய்கிறானாம். முதுகுவலியாக இருக்கும் என்று அவன் மனைவி நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தொழில்காரன் எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்.

எங்கள் கைவேலையை எல்லாம் வைத்து ஒரு கண்காட்சி நடத்த நூலகர் சம்மதித்தார். மைக்கு பட்டறைக்குப் போய் அத்தனை பேரையும் அழைத்துவிட்டு வந்தான். திறந்துவைக்க அதே மேலாளர் வருவதாக ஒத்துக்கொண்டார். அதைக் கேட்டதும் மேலாளின் காது சிவந்தது. "எல்லாரும் வராங்களா? நான் செஞ்சதுன்னு பலகையில எழுதுவியா?" என்று மைக்கிடம் இரண்டு தடவை கேட்டான். அவன் எதற்காக இவ்வளவு பாடுபட்டான் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

பொம்மைகள் மொத்தத்தையும் அவன் கொண்டுவந்து காட்டிய அன்று, சுவர் அலமாரியில், எங்கள் கண் மட்டத்துக்கு வரிசையாக நிறுத்தினான். நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். 

"என்ன தம்பி இது? எல்லாத்துக்கும் உருளைக்கிழங்குல ரெண்டு ஓட்டை போட்ட மாதிரி ஒரே மூஞ்சி. மூக்கும் முழியுமா இருக்க வேண்டாமா?" என்றார் ஊசியக்கா.

"இதுல நான் எங்க?" என்றான் மைக்கு.

"அந்த மூணாவது ஆளு."

"மூணாவதுக்கு மீசையே இல்லையே!"

மேலாளு நிமிர்ந்து மைக்கின் முகத்தைப் பார்த்தான். மேலுதட்டில் கட்டைத் தூரிகை மாதிரி இருக்கும் அந்த மீசையை மைக்கு வாலிபத்திலிருந்து வளர்க்கிறான். "ஓ... மீசை இருக்கா உனக்கு?" என்றான் மேலாளு, நிஜமான ஆச்சரியத்தோடு.

அதற்கு மேல் எங்களால் அடக்க முடியவில்லை. ஊசியக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். சிரித்து முடித்துப் பார்த்தால், அவன் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தட்டுப்பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, கிண்டலுக்குச் சொன்னா..." என்றேன்.

"இல்லப்பா. இத வெச்சா எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. அன்னைக்கு ஆளே தெரியாம போச்சு. இன்னைக்கு ஆளைத் தெரிஞ்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. அதுக்குத் தெரியாமலே இருந்துடலாம்." தட்டுப்பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஊசியக்காவின் முகம் வாடிப்போனது. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

எங்கள் நூலகத்தின் நடுவில் மேலே வரைக்கும் திறந்த பெரிய கூடம் ஒன்று உண்டு. மாடியில் அதைச் சுற்றி நாலு பக்கமும் கைப்பிடிச் சுவர் வைத்த நடைவழி, புத்தக அலமாரிகள். முகத்தை அவனிடம் காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு, பத்திரிகையைத் திருப்பி வைக்கிற சாக்கில் நான் மாடிக்குப் போயிருந்தேன். கீழே அவன் தட்டுப்பலகையைக் கூடத்தின் தரையில் வைத்துவிட்டு, கட்டுவதற்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தான். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்.

பார்த்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடி வெட்டுகிறவனுக்கே அது நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே பொம்மைகள் இல்லை. என் வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நான் எத்தனை தண்ணீர் தெளித்தும் படியாத வெல்டரின் இரட்டைச் சுழி நின்றது. காதோரத்து முடியைக் கடன் வாங்கி வழுக்கையின் குறுக்கே ஒட்டவைத்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் நின்றார், ஒரு இழைகூடத் தப்பாமல். கடைசல்காரரின் உச்சியில் சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த தழும்பு, அதைச் சுற்றி மட்டும் நரை. மைக்கின் கோணல் வகிடு. காவல்காரரின் பளபளப்புக்கு வார்னிஷ் பூசியிருந்தான். ஒவ்வொரு தலையிலும் முடி எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. இந்தத் தலைகளை இப்படித் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் என்று கர்வமாக இருந்தேன். கூரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தனும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

"டேய், இரட்டைச் சுழிடா! வெல்டருடா!" என்று கத்திவிட்டேன். நூலகத்தில் கத்தினால் என்ன ஆகும் என்பது எனக்கு நினைவில்லை. நூலகர் ஓடிவந்தார், ஊசியக்கா ஓடிவந்தார், மைக்கு கையில் தூரிகையோடு வந்தான். எல்லோரையும் மாடிக்கு இழுத்துக் கீழே காட்டினேன். "அய்யோ, இது ஸ்டோர்காரரு! இந்த உச்சந்தலையத்தான் நான் தையல் பிரிச்சேன், இது கடைசல்காரரு!" என்று அக்கா அலறினார். மைக்கு தன் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "என் வகிடு இவ்வளவு கோணலா?" என்றான்.

கீழே நின்ற மேலாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்யா, இத முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று இறங்கிப் போய் அவனை உலுக்கினேன்.

"என்னத்தச் சொல்றது? எல்லாரும் அப்படித்தான இருப்பாங்க" என்றான்.

அவனுக்கு ஆள் என்றால் உச்சந்தலைதான். அவன் வேலையின் கடைசிக் காலத்தில் பட்டறையில் எல்லோருக்கும் மஞ்சள் தொப்பி கொடுத்தபோது, யார் யாரென்று தெரியாமல் திணறிப்போனானாம். மத்தியானம் தொப்பியைக் கழற்றும் நேரத்துக்காகக் காத்திருந்து பார்ப்பானாம். நாம் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள். அவன் மொட்டைத் தலைக்கும் மனிதனுக்கும் சரியாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தான்.

பொம்மைகளைக் கூடத்தின் தரையில் வைப்பது, பார்க்க வருகிறவர்கள் மாடியில் நின்று பார்ப்பது என்று முடிவானது. நடக்கிற இடத்தில் எதையும் வைக்கக்கூடாது என்று நூலகர் முதலில் முறுக்கினார். ஊசியக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் அக்காவிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுதவர்களில் நூலகரும் ஒருவர், தலையை ஆட்டிவிட்டார். அக்கா சாம்பல் துணியில் பட்டறைத் தரையைத் தைத்தார், நடுவில் மஞ்சள் நூலால் நடைபாதைக் கோடு. மைக்கு பெயர்ப்பலகை எழுதினான். மேலாளின் மனைவி பழைய சாப்பாட்டுக் கயிற்றைத் தேடியெடுத்து வந்தாள். அதைத் தூக்குவாளியோடு மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தொங்கவிட்டோம்.

எல்லாம் வைத்து முடித்த பிறகு நான் கேட்டேன், "எல்லாரும் இருக்காங்க. நீ எங்கய்யா?"

"நானா? என் உச்சிய நான் எப்படிப் பாக்கறது?" என்றான்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். உச்சந்தலையும் அப்படித்தான். அவனுக்கு மேலே பட்டறையில் யாரும் இருந்ததில்லை, வேறு ஆளைக் கேட்கவும் முடியாது. ஆனால் மாதாமாதம் அவன் தலைக்கு மேல் நின்றவன் ஒருத்தன் உண்டல்லவா? நான் மிச்சமிருந்த ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். அவன் சுழி நடுவில் இருக்காது, கொஞ்சம் இடப்பக்கம். எல்லோருக்கும் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் சுற்றும். அதற்குப் பின்னால் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வெறுமை. வலது காதுக்கு மேலே கூண்டுக் கதவு இடித்த தழும்பு. மனசுக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. கத்தரியை எடுத்ததும் கை நடுங்கியது. இதையாவது ஒழுங்காகச் செய்யவிடு என்று என் கையையே நான் கெஞ்சினேன். ஊசியக்கா பக்கத்தில் வந்து, என் மணிக்கட்டுக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். நரம்பு தேடி எத்தனையோ நடுங்குகிற கைகளைப் பிடித்தவர். நான் வெட்டினேன். நான் வெட்டியதிலேயே நல்ல வெட்டு அதுதான்.

அந்தப் பொம்மையை, மேலே ஒரு கூண்டு கட்டி அதில் உட்காரவைக்கலாம் என்றான் மைக்கு. வேண்டாம், இந்தத் தடவை அவனும் எல்லோரோடும் கீழே நிற்கட்டும் என்று நான் நடுப்பாதையில் நிறுத்தினேன்.

கண்காட்சி அன்று பட்டறையே திரண்டு வந்தது. ஓய்வு பெற்றவர்கள், இன்னும் வேலையில் இருப்பவர்கள், மனைவிகள், பேரப்பிள்ளைகள். மாடிப்படி தாங்காத கூட்டம். முதலில் கீழே எட்டிப் பார்த்தது வெல்டர். அவர் ஸ்டோர்காரரைக் காட்டிச் சிரித்தார், "யோவ், உன் கடன் வாங்கின முடி!" ஸ்டோர்காரர் வெல்டரைக் காட்டினார், "அதோ, உன் இரட்டைச் சுழி!" தன்னைத்தானே கண்டுபிடித்தவர் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொருவரையும் பக்கத்தில் நின்றவர்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கே பார்த்தாலும் ஒருவர் தலையை ஒருவர் குனியவைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். காலமாகிவிட்ட காவல்காரரின் மகள் அந்த வார்னிஷ் பளபளப்பைப் பார்த்துவிட்டு, "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மேலாளின் மனைவி ஓரத்தில் நின்றிருந்தாள். கயிற்றுக்கு நேர் கீழே, கையில் தூக்கோடு ஒரு பெண் பொம்மை. "இது யாருங்க?" என்று பக்கத்தில் நின்ற அவனைக் கேட்டாள்.

"நீதான்."

"என் வகிடு இப்படியா இருக்கும்?"

"முன்னால நேரா எடுப்ப. பின்னால வரும்போது இடது பக்கம் வளைஞ்சிரும். தினமும் பாப்பேன்" என்றான்.

அவள் முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் மேலாளர் வந்தார். கூட்டம் வழிவிட்டது. மேலாளு கூச்சப்பட்டுக்கொண்டு, துணி சுருங்கியிருக்கிறது, சரிசெய்கிறேன் என்று சொல்லிக் கீழே கூடத்துக்கு இறங்கிவிட்டான். மைக்கு மைக்கைப் பிடித்தான்.  அவன் தொண்டையைச் செருமினான். "இந்த அரிய படைப்பைப் படைத்த நம் அன்பிற்குரிய மேலாள் அவர்களுக்குப் பூங்கொத்து வழங்க..."

பூங்கொத்தோடு நின்றவர், பழைய பழக்கத்தில், மேலாளரிடம் நீட்டினார். மேலாளரும் பழைய பழக்கத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கிக்கொண்டார். "என் மேல் இவ்வளவு..." என்று ஆரம்பித்தும் விட்டார். 

மைக்கு அந்த மைக்கைக் கீழே வைத்தான். அவன் வாழ்நாளில் தானாக மைக்கைக் கீழே வைத்தது அன்றுதான். கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு வெளியே வரச் சாய்ந்து, மேலே வா என்று கீழே நின்றவனுக்கு விரலை மேலே நீட்டிச் சுழற்றினான். ஏற்று.

கீழே துணியை நீவிக்கொண்டிருந்தவனின் உச்சந்தலை எங்கள் எல்லோர் கண்ணுக்கும் நேராக இருந்தது. இடப்பக்கச் சுழி, காசளவு வெறுமை, காதுக்கு மேல் தழும்பு. அவன் பொம்மையும் பக்கத்திலேயே நின்றது. வெல்டர் பொம்மையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "அட, அப்ப மேலாளு இவர்தானா!" என்று அவர் வாய்விட்டுச் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. மேலாளர் காதிலும் விழுந்தது.

அவர் கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தார். "மேலாளு... அப்ப அன்னைக்குக் கொடுத்ததும்..." என்று மைக்கிடம் கேட்டார்.

"ஆமா சார். அவருக்குத்தான் சார்" என்றான் மைக்கு, சுத்தத் தமிழை எல்லாம் மறந்துவிட்டு.

மேலாளரின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். மறுநிமிடம் அவர் செய்த காரியத்துக்காக அந்தப் பழைய பேச்சை நான் மன்னித்துவிட்டேன். கயிற்றைச் சரசரவென்று மேலே இழுத்தார். தூக்குவாளியைக் கழற்றிவிட்டுப் பூங்கொத்தைக் கயிற்றின் கொக்கியில் மாட்டினார். "நான் இறக்கறேன். எனக்குப் பழக்கமில்ல, நீங்கதான் கை காட்டணும்" என்று கீழே பார்த்துச் சொன்னார்.

மேலாளு சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மெதுவாக வலது கையை நீட்டி, உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி ஆட்டினான். மேலாளர் இறக்கினார். கயிறு ஆடியது. மேலாளு கையால் அமர்த்தினான், மெதுவாக, மெதுவாக. மேலாளர் வியர்வையைக்கூடத் துடைக்காமல் அந்தக் கையையே பார்த்து இறக்கினார். மாடியில் நாலு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூ அவன் தலைக்கு நேர் மேலே வந்ததும் மேலாளு கையை அகல விரித்தான். பூங்கொத்து அவன் உச்சந்தலையைத் தொடாமல், மயிரிழை தூரத்தில் நின்றது.

அவன் அண்ணாந்து பார்த்தான். நாலு பக்கமும் முகங்கள். ஒவ்வொருவராக, அவசரப்படாமல், சுற்றி வந்து எல்லோரையும் பார்த்தான். அப்புறம் பூங்கொத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்தான். நூலகம் அதிர்ந்தது. நூலகரே கைதட்டினார். ஊசியக்கா அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

கைதட்டலுக்கு நடுவில் ஸ்டோர்காரரின் மனைவி அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "இத்தனை வருஷம் உங்ககூட வேலை பாத்தவர்தானே? இவ்ளோ லட்சணமா இருக்காரே, ஒரு நாள் சொன்னதே இல்ல?"

"நானே இப்பத்தான் பாக்கறேன்" என்றார் ஸ்டோர்காரர்.